குடும்பத் தலைவர், சமுதாயத் தந்தை: அமரர் துன் வீ. தி. சம்பந்தன்

(ஆலயத் திருவிழாவையொட்டி, முன்னோர் நினைவு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இறைவனைப் போற்றும் திருவிழாவில் மனிதர் ஒருவரை நினைவுகூர்வது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் மரபு. இல்லறத்தான் ஆற்ற வேண்டிய ஐந்து கடமைகளை வகுத்த திருவள்ளுவர் மறைந்த முன்னோரை முதலிடத்தில் வைத்தார். தெய்வத்தை அதற்கு அடுத்தே வைத்தார். நம் சிவாலயங்களில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்கின்றனர். அவர்களுள் பலர் மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். ஒவ்வொருவருக்கும் உரிய நட்சத்திரத்தில் குருபூசை நடத்துகின்றோம். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மூதாதையருக்கு நீர் வார்க்கின்றோம். நன்றாக வாழ்ந்து மறைந்தவரை நன்றியோடு நினைப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

இவ்வூரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் மாலையிட்ட ஒரு படம் தொங்குகிறது. அன்புக் கணவராய், பாசமிகு தந்தையாய், பேரப்பிள்ளைகளின் அருமைத் தாத்தாவாய் வாழ்ந்து மறைந்த ஒருவரின் படம் அது. அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் பேசக் காலம் போதாது. ஆகவே, அவர்கள் எல்லாருடைய வாழ்விலும் ஏதோ ஒரு வகையில் பங்குகொண்ட ஒரு பெருமகனின் வாழ்வை எடுத்துக்கொள்கின்றேன். அமரர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களே அப்பெருமகனார்.

பெயரும் அதன் பொருளும்

அன்னாரின் முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தந்தையார் வீராசாமி. அவ்விரு பெயர்களின் முதலெழுத்துகளே வீ. தி. என நின்றன.

ஏழாம் நூற்றாண்டில் சீர்காழியில் அவதரித்த திருஞானசம்பந்தப் பெருமானின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். மூன்று வயதுக் குழந்தை குளக்கரையில் அழுகின்றது. உமையம்மை ஞானப்பால் ஊட்டுகின்றாள். இதை நாம் அனைவரும் அறிவோம். அதன் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. அக்குழந்தை தலந்தோறும் சென்று பாடுவதற்கு நடக்கும் வலிமை இல்லை. தந்தையார் சிவபாத இருதயர் பிள்ளையைத் தம் தோள்மீது சுமந்து சென்றார். திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் முத்துச் சிவிகை அருளும்வரை ஞானசம்பந்தருக்கு வாகனமாய் இருந்தது தகப்பனின் தோளே.

எந்தப் பிள்ளையும் தானாக உயர்ந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் தோளில் ஏறித்தான் உலகைப் பார்க்கின்றது. நம் சம்பந்தனாரின் வாழ்வும் அதற்குச் சான்று.

தந்தையின் தோளில்

வீராசாமி அவர்கள் 1896-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். ரப்பர் மரம் இந்நாட்டில் இன்னும் பரவாத காலம் அது. கரும்பும் காப்பியுமே பெரிதாகப் பயிரிடப்பட்டன. தொழிலாளியாக வந்தவர் கடும் உழைப்பால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நிலம் வாங்கி, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார். நம்மவரில் அத்தகைய உயர்வு பெற்றோர் அன்று மிகச் சிலரே.

அவ்வில்லத்தில் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சம்பந்தனார் பிறந்தார். கோலகங்சார் கிளிப்போர்டு பள்ளியில் ஆங்கிலக் கல்வி பயின்று, பின் தமிழகம் சென்று சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். தம் பெயருக்குரிய பெருமான் பிறந்த சீர்காழி அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியடிகளின் கொள்கைகள் அவ்விளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் தாயகம் திரும்பியவர் கண்ட மலாயா, பழைய மலாயாவாக இல்லை. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டப் பாட்டாளிகளில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. கணவனை இழந்த மனைவியரும் தகப்பனை இழந்த பிள்ளைகளும் இல்லாத தோட்டமே இல்லை என்று சொல்லத்தக்க நிலை. அவர்களுக்குப் பிணம் கிடைக்கவில்லை. இறந்த தேதி தெரியவில்லை. திதி கொடுக்கவும் வழியில்லை. இந்தச் சிகாமட் வட்டாரத்துப் பழைய குடும்பங்களிலும் அத்தகைய தாத்தாக்கள் உண்டு. இன்றைய நினைவு மாலையில் அவர்களுக்கும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டிருக்கின்றது.

கல்வியும் பொதுவாழ்வும்

சம்பந்தனார் முதலில் கை வைத்தது கல்வியில். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளியை எழுப்பினார். 1954-ஆம் ஆண்டில் அதைத் திறந்துவைத்தவர் பண்டித நேருவின் தங்கையார் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார். அப்பள்ளி இன்றும் இயங்குகின்றது. தந்தை உழைத்துச் சேர்த்த செல்வத்தை மகன் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பிய முதல் பெரும் செயல் அது.

1946-இல் ஜான் திவி அவர்கள் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசுக்கு 1955-இல் சம்பந்தனார் ஐந்தாவது தலைவரானார். அதுவரை அக்கட்சி நகரத்துப் படித்தோரின் மன்றமாகவே பெரிதும் இருந்தது. அன்னார் காலத்தில்தான் அது தோட்டங்களுக்குள் நுழைந்து, தமிழ் பேசும் பாட்டாளியின் கட்சியானது. 1955 ஜூலையில் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. அந்த அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராகச் சம்பந்தனார் பொறுப்பேற்றார். 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றபோது, துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களோடு நின்ற தலைவர்களுள் அன்னாரும் ஒருவர்.

சுகாதார அமைச்சராகவும், 1959 முதல் பல்லாண்டுகள் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும், பின்னர் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராகவும் பணியாற்றினார். நாடாளுமன்றக் கட்டடம் 1963-இலும், தேசியப் பள்ளிவாசலும் சுபாங் விமான நிலையமும் 1965-இலும் எழுந்தது அன்னார் பொதுப்பணி அமைச்சராக இருந்த காலத்தில்தான். சைவக் குடும்பத்தில் பிறந்து ஞானசம்பந்தர் பெயரைத் தாங்கிய ஒருவர், நாட்டின் பெரும் பள்ளிவாசல் எழுந்த காலத்தில் அத்துறைக்குப் பொறுப்பு வகித்தார் என்பது, பல சமயத்தார் கூடி வாழும் இந்நாட்டில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய செய்தியாகும்.

இல்லறத்தில்

அன்னாரின் வாழ்க்கைத் துணைவியார் தோ புவான் உமாசுந்தரி அம்மையார். ஒரே மகளுக்குத் தேவகுஞ்சரி எனப் பெயரிட்டார்கள். முருகப் பெருமானின் தேவியாகிய தெய்வயானையின் திருநாமம் அது. சம்பந்தன், உமா, தேவகுஞ்சரி என அவ்வீட்டில் அழைக்கப்பட்ட பெயர்களெல்லாம் திருக்கோயிலில் ஒலிக்கும் பெயர்கள்.

பொதுவாழ்வில் ஈடுபட்டவரின் இல்லத்தார் படும் பாட்டை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைவர் மேடையில் மாலை பெறும் வேளையில், வீட்டில் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கின்றது. நம் ஆலயத்துப் பணியாளர்கள் இதை நன்கறிவர். திருவிழா நாள்களில் கணவர் கோயிலே கதியென்று இருக்க, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கின்ற தாய்மார்கள் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றீர்கள். நேரத்தைக் கொடுத்தவர் கணவர் என்றால், அவரையே கொடுத்தவர் மனைவியல்லவா?

சம்பந்தனார் நேரத்தை மட்டும் கொடுத்தவரல்லர். தந்தை வழி வந்த நிலத்திலும் செல்வத்திலும் பெரும் பகுதி பொதுப்பணியில் கரைந்தது. பொதுவாழ்வுக்கு வந்து சொத்துச் சேர்த்தோர் உண்டு. சொத்தோடு வந்து அதைச் செலவிட்டவர் இவர். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குச் சேர வேண்டியதைச் சமுதாயத்துக்குக் கொடுக்கலாமா? இக்கேள்வி நியாயமானதே. இதற்கு அன்னாரின் பிற்கால வாழ்வுதான் விடை சொல்கின்றது.

பத்து வெள்ளியில் ஒரு நிலம்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடர் நம்மவர்மீது விழுந்தது. வெள்ளையர் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிலைக்கு விற்றனர். அரசாங்கத்தின் சார்பில் பேராசிரியர் உங்கு அஜிஸ் இதை ஆராய்ந்து விரிவான அறிக்கையே எழுதினார்.

அன்றைய தோட்டத் தொழிலாளியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்பான், பால்மரம் வெட்டுவான். அவன் குடியிருந்த லயம் கம்பெனியுடையது. பிள்ளை படித்த பள்ளி கம்பெனி நிலத்தில் நின்றது. தலைமுறையாக அவன் கும்பிட்ட மாரியம்மன் கோயிலும் கம்பெனி நிலத்தில்தான் இருந்தது. பெற்றோரைப் புதைத்த இடுகாடும் அவ்வாறே. தோட்டம் கைமாறிய ஒரே நாளில் வேலை, வீடு, பள்ளி, கோயில், முன்னோர் உறங்கும் மண் ஆகிய ஐந்தும் அவனுக்கு அந்நியமாயின. நம் வட்டாரத்தில் தோட்டத்துக் கோயில்கள் இடம்பெயர்ந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்நிலையில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் கருத்து மிக எளிது. தனியொரு தொழிலாளியால் தோட்டம் வாங்க இயலாது. ஆயிரக்கணக்கானோர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தால் இயலும். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாடுவோர் வாங்குமுன் சங்கம் வாங்கும். தோட்டம் முழுமையாக நிற்கும். உழைப்பவனே அதன் பங்குதாரனாவான்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அன்றாடக் கூலி பெறுபவனுக்குப் பத்து வெள்ளி பெருந்தொகை. முன்பு பணம் கட்டி ஏமாந்தவர்களும் இருந்தனர். அப்படிப்பட்டவர்களின் ஐயத்தைப் போக்கச் சம்பந்தனார் தோட்டந்தோட்டமாகச் சென்றார். அமைச்சர் ஒருவர் லயத்துக்கு முன்னால் நின்று, தம்மிடம் பணத்தை நம்பிக் கொடுக்குமாறு தமிழிலே வேண்டினார். நம் தாத்தாக்களும் பாட்டிமார்களும் நம்பினார்கள். அரிசிக்கும் பிள்ளையின் சட்டைக்கும் வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தாயிற்று. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சேர்ந்தன. மரம் வெட்டியவனே மரத்துக்கு உரியவனும் ஆன காட்சியை மலாயா முதன்முதலாகக் கண்டது. கோலாலம்பூரில் இன்று விஸ்மா துன் சம்பந்தன் என்னும் பெயரோடு நிற்கும் கட்டடம், அந்தப் பத்து வெள்ளிகளின் மேல் எழுந்ததாகும்.

முன்பு எழுந்த கேள்விக்கு விடை இங்கே இருக்கின்றது. ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டிய செல்வத்தைச் செலவிட்ட தந்தை, எண்ணற்ற தந்தையர் தம் பிள்ளைகளுக்கு ஏதேனும் விட்டுச்செல்ல வழி செய்தார். கூலியைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு தாத்தா, தம் பேரனின் பெயரைச் சொல்லி, ‘இது உனக்கு’ என நீட்டக்கூடிய ஒரு பங்குச் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது.

மிகைப்படுத்திப் பேசுவது அன்னாருக்குச் செய்யும் மரியாதையாகாது. சங்கம் வாங்கியவை சில தோட்டங்கள். துண்டாடப்பட்டவையோ மிகப் பல. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் நகர்களாயின, நம்மவர் பலர் கையில் ஒன்றுமின்றி வெளியேறினர். அத்துயரமெல்லாம் ஒரு மனிதராலோ ஒரு சங்கத்தாலோ தீர்ந்துவிடவில்லை. ஆனால், ஏழைகள் ஒன்றுகூடினால் நிலம் வாங்க முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். இனி எவரும் அதை முடியாததென்று சொல்ல இயலாது.

நிறைவு

கட்சிக்குள் எழுந்த கருத்து வேற்றுமைகளுக்குப் பின், 1973 ஜூன் 30-இல் பதினெட்டு ஆண்டுக் காலத் தலைமைப் பொறுப்பிலிருந்து அன்னார் விலகினார். மறு ஆண்டில் நாடாளுமன்றத்திலிருந்தும் அமைச்சுப் பொறுப்பிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

1979-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் அன்னார் இறைவனடி சேர்ந்தார். அறுபது வயது நிறைவதற்கு இன்னும் 29 நாள்களே இருந்தன. மணிவிழா என்பது நம் இல்லறத்தின் மகுடம். அறுபது நிறைந்த கணவர் மீண்டும் மாங்கல்யம் பூட்ட, மகளும் உற்றாரும் சூழ்ந்து நிற்கும் அந்த நாள் அவ்வில்லத்துக்கு வாய்க்கவில்லை. ஓய்ந்து அமர்ந்து, பேரப்பிள்ளைகளின் கைபிடித்து நடக்கும் முதுமையும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால், அன்று சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்கள் அம்முதுமையை அடைந்தார்கள். அவர்களின் பேரர்கள் இன்று மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் இருக்கின்றார்கள். அவர்களனைவரும் ஒரு வகையில் அன்னாரின் பேரப்பிள்ளைகளே.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் முதன்மைச் சாலை அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே நாள்தோறும் செல்லும் இளைஞர்கள், அது யார் பெயர் என்று கேட்டால் தயங்குகின்றார்கள். சாலைக்குப் பெயர் வைப்பதால் மட்டும் ஒருவர் நினைவில் நிற்பதில்லை. வீட்டிலே சொன்னால்தான் நிற்பார்.

மூன்று வேண்டுகோள்கள்

அன்பர்களே, நினைவு என்பது மாலை போடுவதோடு முடிந்துவிடக் கூடாது. ஆகவே உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, மறைந்த உங்கள் தந்தையார், தாத்தா ஆகியோரின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழோ, உறுப்பினர் அட்டையோ, ஊழியர் சேமநிதித் தாளோ அதில் இருக்கலாம். பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். உரிய அலுவலகத்தில் காட்டி, வாரிசுரிமையை முறைப்படி பதிவு செய்யுங்கள். உயிரோடிருக்கும் பெரியவர்கள் தம் வாரிசின் பெயரை இன்றே எழுதிக் கொடுங்கள். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பத்து வெள்ளி உரிமை கோருவாரின்றிக் கிடப்பது, அவர்கள் உழைப்பை இரண்டாம் முறை இழப்பதாகும்.

இரண்டாவது, உங்கள் குடும்பத்து மூத்தவரின் வாழ்வை ஒரு பக்கமாவது எழுதிவையுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார், யாரை மணந்தார், எந்தக் கோயிலில் கும்பிட்டார், எந்நாளில் மறைந்தார் என்னும் ஐந்து செய்திகள் போதும். மூன்று தலைமுறைக்கு அப்பால் தாத்தாவின் பெயரே தெரியாத குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. சங்கற்பத்தின்போது அர்ச்சகர் கேட்டால் முன்னோர் பெயர் சொல்ல முடியாத நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது. அவ்வாறு எழுதியவற்றைத் தொகுத்து ஆலயத்தில் ஓர் ஏடாகப் பாதுகாக்க நிருவாகக் குழுவினர் ஆவன செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

மூன்றாவது, ஒன்றுகூடிச் செய்யும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இவ்வாலயம் ஒருவர் பணத்தில் எழுந்ததன்று. ஒருவர் செங்கல் கொடுத்தார். ஒருவர் மணல் கொடுத்தார். ஒன்றும் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார். சம்பந்தனார் நிலத்தில் செய்ததை நம் முன்னோர் கோயிலில் செய்தார்கள். பிள்ளைகளின் கல்விக்கும், தனித்து வாழும் முதியோர்க்கும், வெள்ளக் காலத்தில் வீடிழந்தோர்க்கும் அதே முறையில் நாமும் செய்யலாம். சிகாமட் ஆறு பெருகிய நாள்களில் இனம் பாராது ஒருவர்க்கொருவர் சோறு பொங்கிக் கொடுத்த ஊரல்லவா இது!

நல்ல கணவர் என்பவர் தம்மை நம்பி வந்தவளின் வாழ்வைத் தாங்குபவர். நல்ல தந்தை என்பவர் பிள்ளையைத் தோளில் ஏற்றுபவர். நல்ல தாத்தா என்பவர் தாம் நிழலில் அமரப் போவதில்லை என்று தெரிந்தும் மரம் நடுபவர். துன் சம்பந்தனார் இம்மூன்றையும் ஒரு வீட்டுக்குள் அடக்காமல், ஒரு சமுதாயத்துக்கே செய்தார். நம் வீட்டுச் சுவரில் படமாய் இருக்கும் பெரியவர்கள் அதையே தம் சிறு இல்லத்தில் செய்தார்கள். இரண்டுமே வணக்கத்திற்குரியன.

அவர்கள் அனைவரின் ஆன்மாக்களும் எல்லாம் வல்ல இறைவன் திருவடி நிழலில் அமைதி பெறுவனவாக. அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்கள் அம்பாளின் திருவருளால் குறைவின்றி வாழ்வனவாக. 

திருச்சிற்றம்பலம்.